மூன்று சக்கர வண்டிக்கு எஞ்சின் மாட்டும் முன் பாலத்தை அளந்துவிடுங்கள்

தென் மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து வந்திருக்கிறது இந்தக் கடிதம். எழுதியவருக்கு வயது 43. சிறு வயதில் வந்த போலியோவால் இரண்டு கால்களிலும் பலமில்லை. கையால் பெடல் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் பினாயில், ஊதுபத்தி, அப்பளம் என்று சுமார் 40 கிலோ சரக்கை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக விற்கிறார். தினமும் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். நடுவில் ஒரு ரயில்வே மேம்பாலம் வருகிறது. யாராவது பின்னாலிருந்து தள்ளினால்தான் அதில் ஏற முடியும். ஒரு வருடமாக வலது தோளில் வலி. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கக்கூட முடியவில்லையாம்.

வண்டிக்கு எஞ்சின் மாட்டிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். தெரிந்த வெல்டர், காயலான் கடையில் ஒரு பழைய மொபெட் எஞ்சின் இருக்கிறது, அதையே மாட்டலாம் என்கிறார். நண்பர் ஒருவர், கையால் பிடிக்கிற கிளட்சும் கியரும் உள்ள பைக் எஞ்சினாக இருந்தால்தான் இழுவை கிடைக்கும் என்கிறார். விவசாயக் கருவி விற்கும் கடைக்காரர், புல் வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினே போதும் என்கிறார். வாசகரின் கேள்விகள் இவை: எந்தக் கிளட்ச் நல்லது? 40 கிலோமீட்டர் வேகம் வர ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) எத்தனை பல் வைக்க வேண்டும்? மாற்றுத்திறனாளி ஓட்டும் வண்டிக்கு லைசென்ஸ், ஆர்.சி. எதுவும் தேவையில்லை என்கிறார்களே, சரிதானா? கடைசியில், ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக் கோயிலுக்குப் போக வேண்டும் என்ற ஆசையையும் எழுதியிருக்கிறார்.

நண்பரே, உங்கள் கேள்விகளில் 40 கிலோமீட்டரை முதலில் எடுத்து ஓரமாக வைத்துவிடுவோம். நீங்கள் ஓட்டுவது கை வேகத்துக்காகச் செய்த வண்டி. அதன் ஃபோர்க், சக்கரக் கம்பிகள், பிரேக் எல்லாமே மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டரை மனதில் வைத்துச் செய்தவை. முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டி வேகமாகத் திரும்பினால் உள்பக்கப் பின்சக்கரம் தூக்கிக்கொள்ளும். காலை ஊன்றிச் சமாளிக்க உங்களால் முடியாது. 15 கிலோமீட்டர் வேகம் உங்களுக்குப் போதும். 9 கிலோமீட்டரை முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். இப்போது ஆகும் நேரத்தில் பாதிகூட இராது. உங்களுக்கு வேண்டியது வேகமல்ல, பாலம் ஏறும் இழுவை. கிளட்சும் கியரும் அதை வைத்துத்தான் முடிவாக வேண்டும், இரண்டும் சேர்ந்தே முடிவாக வேண்டும்.

உங்களுக்கு எத்தனை கை வேண்டும்?

நண்பர் சொன்ன பைக் எஞ்சினை இப்படி யோசித்துப் பாருங்கள். ஒரு கை ஸ்டியரிங் கம்பியில் இருக்கும். இன்னொரு கை ஆக்ஸிலேட்டருக்கும் பிரேக்குக்கும். கிளட்ச் லீவரைப் பிடிக்க எந்தக் கை? பைக்கில் கியரைக் காலால் தட்ட வேண்டும். அதைக் கைக்கு மாற்றினால் இன்னும் ஒரு வேலை. பாலத்தின் நடுவில் முன்னால் போகும் பஸ் நின்றுவிட்டால், பிரேக்கைப் பிடித்தபடி கிளட்சை மெதுவாக விட்டு, ஆக்ஸிலேட்டரையும் முறுக்கி, வண்டியை நேராகவும் பிடிக்க வேண்டும். இரண்டு கையில் இது நடக்காது. கையால் பிடிக்கும் கிளட்சில் இழுவை அதிகம் என்பதும் சரியல்ல. இழுவையைத் தருவது எஞ்சினும் பல் விகிதமும்தான் (எஞ்சின் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று என்ற கணக்கு). கிளட்ச் இருக்கிற இழுவையைச் சக்கரத்துக்குக் கடத்துகிறது, அவ்வளவே.

அப்படியானால் உங்களுக்குத் தானாகப் பிடிக்கிற கிளட்ச்தான். மொபெட்டிலும் புல் வெட்டும் இயந்திரத்திலும் இருப்பது அதுவே. எஞ்சின் சுற்றச் சுற்ற உள்ளே இருக்கும் ஷூக்கள் (உரசு கட்டைகள்) ஸ்பிரிங்கை மீறி வெளியே விரிந்து டிரம்மைப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிலேட்டரை விட்டால் தானாக விட்டுவிடும். கைக்கு வேலையே இல்லை.

ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. புல் வெட்டும் எஞ்சின்களில் இந்தக் கிளட்ச் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,000 சுற்றில்தான் நன்றாகப் பிடிக்கும். அதற்குக் கீழே ஷூ டிரம்மில் உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் சூடு. சூடு ஏறினால் தீய்ந்த வாடை, டிரம்மில் நீலம் பாய்ந்த நிறம், கடைசியில் எஞ்சின் மட்டும் அலறும், வண்டி நகராது. கிளட்ச் மட்டமான சரக்கு என்று பலர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் கிளட்சில் குறை இருக்காது, பல் விகிதம்தான் தப்பாக இருக்கும்.

ஐட்லிங் விஷயத்தில் கறாராக இருங்கள். எஞ்சின் ஓடும்போது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் விட்டால் சக்கரம் அசையவே கூடாது. நீங்கள் கையை ஊன்றி வண்டியில் ஏறுகிற நேரத்தில் அது ஓரடி நகர்ந்தாலும் விழுவீர்கள். எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் உட்கார்ந்த இடத்திலிருந்தும் தரையில் இருந்தும் எட்ட வேண்டும்.

தொங்கு தராசு சொல்லும் கணக்கு

எத்தனை பல் என்று கேட்டீர்கள். அதை நான் இங்கே உட்கார்ந்து சொல்வதைவிட உங்கள் பாலமே சொல்வது நல்லது. பழைய பேப்பர் எடுப்பவர்கள் வைத்திருக்கும் கொக்கித் தராசு ஒன்றை இரவல் வாங்குங்கள். வண்டிகள் அதிகம் வராத விடியற்காலையில், வழக்கமான சரக்கோடு நீங்கள் வண்டியில் உட்கார்ந்திருக்க, வெல்டரோ வீட்டில் ஒருவரோ அந்தத் தராசைக் கயிற்றில் மாட்டி, பாலத்தின் செங்குத்தான இடத்தில் வண்டியை ஒரே சீராக மேலே இழுக்கட்டும். இன்னொருவர் பின்னால் பாதுகாப்புக்கு நிற்கட்டும். தராசு எத்தனை கிலோ காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஒரு உத்தேசம் போட்டுப் பார்த்தேன். நீங்கள் 62 கிலோ, சரக்கு 40, வண்டி 45, எஞ்சினும் அதைத் தாங்கும் இரும்பும் 13 என்றால் மொத்தம் 160 கிலோ. பாலம் 20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுகிறது என்றால் தராசு பத்தரைக் கிலோ அளவில் காட்டும். 30 மீட்டருக்கு 1 மீட்டர் என்றால் ஏழரைக்குப் பக்கத்தில். சமதளத்தில் இரண்டு, இரண்டரை. (எஞ்சின் மாட்டுவதற்கு முன்னால் அளப்பதால், 13 கிலோவுக்கு ஏதாவது எடையைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.)

இனி எஞ்சின் பக்கம். 25 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஹோண்டாவின் ஜிஎக்ஸ்25-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் அதிகபட்ச முறுக்குவிசை (சுழற்றும் பலம்) 1 நியூட்டன் மீட்டர், 5,000 சுற்றில். பவர் 0.72 கிலோவாட், 7,000 சுற்றில். நம் சாலையில் ஓடும் 28 அங்குலச் சைக்கிள் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும். செயினிலும் பல்சக்கரத்திலும் ஐந்தில் ஒரு பங்கு விசை வீணாகும் என்று வைத்தால், கணக்கு எளிதாக முடிகிறது: தராசு காட்டிய கிலோவை 4.3-ஆல் பெருக்குங்கள். வருகிற எண்ணே அந்த எஞ்சினுக்குக் குறைந்தபட்ச விகிதம். பாலத்தின் நடுவில் நின்று மறுபடி கிளம்பவும் வேண்டுமே, அதற்காகக் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். பத்தரைக் கிலோவுக்கு 45 வரும். கால் பங்கு கூட்டினால் 56. அதாவது எஞ்சின் 56 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று.

இதை ஒரே செயினில் கொண்டுவர முடியாது. எஞ்சின் கிளட்சுக்கு அடுத்து மூடிய கியர்பாக்ஸ் ஒன்றில் 6-க்கு 1. அங்கிருந்து 11 பல்லிலிருந்து 44 பல்லுக்கு ஒரு செயின். நடு ஷாஃப்டிலிருந்து 12 பல்லில் கிளம்பி, பின்சக்கரத்தில் 28 பல்லுக்கு இன்னொரு செயின். மூன்றையும் பெருக்கினால் 56. எஞ்சின் 5,500 சுற்றில் ஓடும்போது வண்டி மணிக்கு 13 கிலோமீட்டர் போகும், 6,500-இல் 15. கிளட்ச் முழுதாகப் பிடிப்பது ஒன்பதரைக் கிலோமீட்டர் வேகத்தில்.

இதே எஞ்சினுக்கு, கொஞ்சம் வேகமாகப் போகட்டுமே என்று 34-க்கு 1 வைத்தால் சமதளத்தில் 25 கிலோமீட்டர் கிடைக்கும் போலத் தோன்றும். ஆனால் கிளட்ச் முழுதாகப் பிடிக்கவே பதினைந்தரைக் கிலோமீட்டர் வேகம் வந்தாக வேண்டும். பாலத்தில் அந்த வேகம் வரவே வராது. சக்கரத்துக்கு வேண்டிய விசையில் முக்கால் பங்குதான் கிடைக்கும். கிளட்ச் உரசியபடியே நின்று தீய்ந்துபோகும். வெல்டர் கையில் இருக்கிற ஸ்பிராக்கெட்டை மாட்டித் தருகிறேன் என்று சொன்னால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சந்தைக் கூட்டத்தில் நடை வேகத்தில் ஊர வேண்டி வந்தால் 56-க்கு 1 வைத்தாலும் கிளட்ச் உரசத்தான் செய்யும். அங்கே எஞ்சினை விட்டுவிட்டுக் கைப்பெடலால் ஓட்டுங்கள். அதற்காகவே எஞ்சின் செயினுக்கும் பெடல் செயினுக்கும் தனித்தனி ஃப்ரீவீல் இருக்க வேண்டும். ஒன்று ஓடும்போது மற்றது சும்மா இருக்கும். எஞ்சின் ஓடும்போது பெடல் கைப்பிடி தானாகச் சுழன்றால் அது உங்கள் விரலையோ மணிக்கட்டையோ முறித்துவிடும். இதில் சமரசமே வேண்டாம்.

எஞ்சின் விசையை ஒரே பின்சக்கரத்துக்குக் கொடுத்தால் போதும். இரண்டு சக்கரத்தையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் திருப்பங்களில் டயர் இழுபட்டு வண்டி நேராகவே போகப் பார்க்கும். திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் வைக்க எடையும் செலவும் கூடும். ஒரு சக்கரம் என்றால் இடது சக்கரம். நாம் சாலையின் இடது ஓரத்தில் போகிறோம், சாலை அந்தப் பக்கமாகச் சரிந்திருக்கும், வண்டியும் அந்தப் பக்கமே இழுக்கும். இடது சக்கரம் தள்ளும்போது வண்டி லேசாக வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று சரிக்கட்டி, ஸ்டியரிங் பிடிக்கும் தோளுக்கு வேலையைக் குறைக்கும். ஓரத்து மணலில் மட்டும் இறங்காதீர்கள், அந்தச் சக்கரம் வெறுமனே சுற்றும்.

மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். சரக்கை இறக்கி வைத்துவிட்டு அவரை ஏற்றினாலும் மொத்த எடை 160-ஐத் தாண்டிவிடும் என்றே நினைக்கிறேன். சரக்கோடு அவரும் ஏறினால் 215 கிலோ அளவுக்கு வரும், 56-க்கு 1 வைத்தும் பாலம் ஏறாது. கோயிலுக்குப் போகிற வழியில் பாலம் இல்லையென்றாலும், பின்னால் ஒருவர் உட்காரும்போது எடையின் மையம் மேலே ஏறி வண்டி எளிதில் சாயும். இந்த வண்டியில் அதைச் செய்யாதீர்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

25 சிசி என்று ஏன் பிடிவாதமாகச் சொல்கிறேன்

மாற்றுத்திறனாளி ஓட்டினால் லைசென்ஸ் வேண்டாம் என்று யாரோ உங்களிடம் சொன்னது தவறு. அப்படி ஒரு விலக்கு சட்டத்தில் இல்லை. 50 சிசிக்குள் இருந்தால் எதுவும் வேண்டாம் என்று சில கடைகளில் சொல்வதும் தவறுதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு வேறு ஒரு கோட்டைப் போடுகிறது: நான்குக்கும் குறைவான சக்கரங்கள், எஞ்சின் கொள்ளளவு 25 சிசிக்கு மேற்படாதது. இந்த இரண்டும் பொருந்தினால் அந்த வண்டி ‘மோட்டார் வாகனம்’ என்ற வரையறைக்குள்ளேயே வராது; லைசென்ஸும் ஆர்.சி.யும் அதற்குத் தேவைப்படாது. அதனால்தான் கடைக்காரர் 43 சிசி, 52 சிசி எஞ்சினைக் காட்டி ‘இன்னும் நல்லா இழுக்கும்’ என்று சொன்னாலும் வாங்காதீர்கள் என்கிறேன். கொள்ளளவு எழுதிய பில்லை வாங்கி, ஒரு நகலை எப்போதும் வண்டியில் வைத்திருங்கள். போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டால் காட்ட அதுதான் இருக்கும்.

காயலான் கடை மொபெட் எஞ்சின் இழுவையில் மிகத் தாராளம். டிவிஎஸ் எக்ஸ்எல்100-இன் எஞ்சின் 99.7 சிசி, 6.5 நியூட்டன் மீட்டர். தானாகப் பிடிக்கும் கிளட்சும் உள்ளேயே உண்டு. ஆனால் அதை மாட்டிய நிமிடமே உங்கள் வண்டி மோட்டார் வாகனமாகிவிடும். பதிவு, லைசென்ஸ், மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எல்லாம் கட்டாயம். வீட்டில் வெல்டிங் செய்த ஃபிரேமுக்கு வகை ஒப்புதல் (அந்த மாடலைச் சோதித்துத் தரும் அனுமதி) கிடையாது, எனவே பதிவு கிடைக்காது. பதிவில்லாமல் இன்சூரன்ஸ் இல்லை. சென்னையில் எஞ்சின் மாட்டிய மீன்பாடி வண்டிகள் பறிமுதலானதன் பின்னணி இதுதான். வண்டி பறிபோவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஒருவர் மீது இடித்துவிட்டால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும்.

25 சிசி வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டாயமில்லை என்பதால் யாரையும் இடித்தால் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது. அதை மனதில் வைத்து ஓட்டுங்கள்.

விண்ணப்பித்துவிட்டீர்களா?

உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், அரசு உதவி பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை இலவசமாகத் தருகிறது. சுயதொழில் செய்பவர்களும் கேட்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அடையாள அட்டை, மருத்துவச் சான்று, தொழில் செய்வதற்கான ஆதாரம் ஆகியவற்றோடு போங்கள். அந்த ஸ்கூட்டரில் கிளட்ச் கவலையும் இல்லை, பல் கணக்கும் இல்லை. உள்ளே இருக்கும் பெல்ட் வேரியேட்டர் பாலத்தில் தானாகவே விகிதத்தைத் தாழ்த்திக்கொள்ளும். முறையாகப் பதிவாகும், இன்சூரன்ஸ் கிடைக்கும், மனைவியும் பின்னால் உட்காரலாம். சொந்தமாக ஸ்கூட்டர் வாங்கினாலும், பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு அதை உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு 2019 திருத்தத்துக்குப் பிறகு தெளிவாக இடம் தருகிறது.

கான்பூரில் இருக்கும் மத்திய அரசு நிறுவனமான அலிம்கோ, பேட்டரி மூன்று சக்கர வண்டியும் செய்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் அதைப் பெறக் குறைந்தது 80 சதவீத ஊனம் என்று சான்றில் இருக்க வேண்டும். மின் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசையைத் தரும் என்பதால் கிளட்சே கிடையாது. சத்தமில்லை, புகையில்லை. உங்கள் பாலத்தையும் சரக்கையும் அது தாங்குமா என்பதை அதை வழங்கும் முகாமில் கேட்டு, முடிந்தால் ஏற்றி ஓட்டிப் பார்த்த பிறகு ஒத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், இந்த வாரமே விண்ணப்பத்தைக் கொடுங்கள். ஸ்கூட்டர் கிடைத்தால் அதுதான் உங்களுக்கு முதல் தேர்வு. கிடைக்கத் தாமதமாகும், தோள் அதுவரை தாங்காது என்றால் மட்டும் 25 சிசி வேலையில் இறங்குங்கள். இரண்டில் எது நடந்தாலும் தோளை ஒரு எலும்பு மருத்துவரிடமோ மறுவாழ்வு மருத்துவரிடமோ காட்டுவதைத் தள்ளிப் போடாதீர்கள். வண்டியில் ஏற, படுக்கையிலிருந்து எழ, எல்லாவற்றுக்கும் உங்களுக்கு அந்தத் தோள்தான்.

எஞ்சினுக்கு முன்னால் பிரேக்

வெல்டரிடம் முதலில் கொடுக்க வேண்டிய வேலை எஞ்சின் அல்ல, பிரேக். தானாகப் பிடிக்கும் கிளட்சும் ஃப்ரீவீலும் உள்ள வண்டியில் ஆக்ஸிலேட்டரை விட்டால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பாலத்தின் இறக்கத்தில் 160 கிலோவையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். முன்சக்கர ரிம்மில் உரசும் ரப்பர்க் கட்டை இதற்குப் போதாது, மழையில் சுத்தமாகப் பிடிக்காது. பின்சக்கரங்கள் இரண்டிலும் டிரம் பிரேக், இரண்டையும் ஒரே லீவரில் இழுக்கும் கேபிள், லீவரைப் பூட்டி வைக்க ஒரு கொக்கி. பாலத்தில் நின்று கிளம்பும்போது அந்தக் கொக்கியைப் போட்டு வைத்தால் வண்டி பின்னால் உருளாது. எஞ்சின் இழுக்க ஆரம்பித்த பிறகு விடுவிக்கலாம்.

செயின் மூன்று பக்கமும் மூடியிருக்க வேண்டும். நீங்கள் வேட்டி கட்டுபவர் என்றால் இது இன்னும் முக்கியம்; 12 பல் ஸ்பிராக்கெட்டில் துணி நுனி சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். சைலன்சருக்கும் தகடு போடச் சொல்லுங்கள். போலியோவில் காலில் உணர்ச்சி இருக்கும்; சுட்டால் உங்களுக்குத் தெரியும். ஆனால் சட்டென்று காலை இழுத்துக்கொள்ள முடியாதே.

வேலை முடிந்ததும் எஞ்சினை ஓட்டாமல், முழுச் சரக்கோடு பாலத்தின் உச்சிக்கு வண்டியைத் தள்ளச் சொல்லி, பிரேக்கை மட்டும் நம்பி இரண்டு பேர் துணையோடு இறங்கிப் பாருங்கள். மூன்று இடத்தில் நிறுத்துங்கள். மூன்றிலும் நின்றால் எஞ்சினைக் கிளப்பி ஏறிப் பாருங்கள். உச்சியில் கிளட்ச் டிரம்மின் மேல் மூடிக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தால் சூடு இருக்கும், அது இயல்பு. தீய்ந்த வாடை வந்தால் கடைசிச் செயினில் 28 பல்லை 32 ஆக்குங்கள். தராசு காட்டிய எண்ணை எழுதி அனுப்பினால், வெல்டருக்குக் கொடுக்கப் பல் எண்ணிக்கையை நான் சரிபார்த்துத் தருகிறேன்.